அம்மா எழுதிக் கொடுத்த நற்சான்று

ஏழு வருஷம். அக்கா, நீ போன்ல கேட்டியே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிட்டேன். அம்மா பக்கத்துல உக்காந்துகிட்டு, எடுத்ததும் அதையாடா எழுதுவே, முதல்ல நலம் விசாரிடான்னு மண்டையில தட்டறாங்க. சரி. தங்கம், நாங்க சௌக்கியம், அப்பா ஜெயில்ல சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்க. தங்கம்னு வந்தா அம்மா சொன்னது, மிச்சமெல்லாம் நான்.

கோர்ட்டுல நடந்ததைச் சொல்றேன். குடும்பத்துலேர்ந்து நல்லவிதமா ஒரு கடுதாசி கொடுத்தா தண்டனை குறையும்னு வக்கீல் சொன்னார். அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வக்கீல்கிட்டக் காட்டாம நேரா ஜட்ஜ்கிட்டயே நீட்டிட்டோம், அதான் நாங்க பண்ண புத்திசாலித்தனம். ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிக்கிட்டு சத்தமாவே படிச்சார். என் வீட்டுக்காரர் இருபத்தோரு வருஷமா பார்சல் வண்டி ஓட்டறார், கையில கொடுத்த பொட்டலம் ஒண்ணுகூடத் தவறினதில்ல, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துல சேர்ப்பார், உள்ள என்ன இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. படிச்சு முடிச்சிட்டு, இது எந்தத் தரப்புச் சாட்சிம்மான்னார். வக்கீல் ஃபைலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டார். போதைப்பொடியும் அப்படித்தானே கரெக்டா போய்ச் சேர்ந்துச்சு! சூதாட்டக் கடன்ல மாட்டின அப்பாவை, வட்டி வேணாம், நாலே பொட்டலம் கொண்டுபோய்க் குடுன்னு கடன் கொடுத்தவன் பிடிச்சான். நாலு நாப்பதாச்சு. கடன் காரணம்தான், ஆனா சாக்கு இல்லன்னு சொல்லி ஜட்ஜ் ஏழு போட்டார். அரசு வக்கீல் பத்து கேட்டார், அதனால அம்மா கடுதாசி வேலை செஞ்சிருக்குன்னு வீட்ல ஒரே பெருமை.

பேப்பர்ல வந்த படத்துல போலீஸ் மேசையில வெச்சிருந்த போனைப் பார்த்தியா? நான் கேம் ஆடிப் படிப்பைக் கெடுத்துக்கறேன்னு அப்பா பிடுங்கி வெச்ச என் போன்தான். அதுலதான் பாத்ரூம்ல உக்காந்து சீட்டு ஆடியிருக்கார், என் பட்டப்பேர்லயே. படிப்பை விட்டவன் வெளிய இருக்கேன், உருப்படுடான்னவர் உள்ள இருக்கார். அவர் வண்டியை இப்ப நான்தான் ஓட்டறேன். பார்சல் கம்பெனியில இப்ப ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் ஏத்தறாங்க, போன வாரம் ஒரு கல்யாணக் கேக்கையே குத்திப் பார்த்தாங்க.

தங்கம், அப்பாவுக்கு சனிக்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் போன் பேச விடறாங்க, ஒரே ஒரு நம்பருக்குத்தான். அவர் உன் நம்பரைக் கொடுத்திருக்கார். மூணு வாரமா நீ எடுக்கல. என் கண் ஆபரேஷனுக்கு நீ அனுப்பின பணத்தையும் ஆடித் தீர்த்துட்டாருன்னுதானே கோபம்? என் கண் இப்ப நல்லாத்தான் இருக்கு, எல்லாம் தெளிவாத் தெரியுது. அவரைத் திட்டறதுக்காவது எடு.

நான் எடுன்னும் சொல்லல, எடுக்காதேன்னும் சொல்லல. எனக்கே அவர்மேல கோபம் ஆறல. ஆனா சனிக்கிழமை நாலு மணியானா அம்மா சுவர்க் கடிகாரத்துக்கு நேரா நாற்காலியைப் போட்டுக்கிட்டு, மணி என்னடான்னு என்னைக் கேக்கறாங்க.

தங்கம், ஈரத்தலையோட குளிர்ல போகாதே, யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்காதே, நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். கையெழுத்தை நானே போடறேன்னு அம்மா பேனாவைப் பிடுங்கிட்டாங்க. இடம் காட்டறேன்னேன், எனக்குத் தெரியும் போடான்னாங்க. மேல பாரு, எல்லாம் தெளிவாத் தெரியுதுன்னு எழுதின வரிமேல ஒரு கிறுக்கல் இருக்கே, அதான் அம்மா.

லோடு ஏத்த வந்தவங்க வாசல்ல ஹாரன் அடிக்கறாங்க. போறேன்.