பாதி மட்டும் பளபளக்கும் சிவப்பு வண்டி

யாகோதினா,
ஜூலை 4

அன்பு மகள் நெவெனாவுக்கு அம்மா எழுதறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கடவுள் குறைவில்லாத சுகத்தைக் கொடுக்கட்டும். இங்கே நாங்களும் சுகம்னு அடுத்த வரி எழுதத்தான் கை போகுது, ஆனா அது பொய், அதனால எழுதல. பதறாதே, யாரும் படுத்த படுக்கையா இல்ல. அப்பா சாப்பிடறார், நடக்கறார், என்னைத் திட்டறார். பயமெல்லாம் எனக்குத்தான். போன்ல சொல்லலாம்னா நீ கூப்பிட்ட உடனே அந்த மனுஷன் ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல வந்து உட்கார்ந்துடறார். அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சுப் பேனாவை எடுத்திருக்கேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நீ விமானம் ஏறறதுக்குள்ள இது உன் கைக்கு வந்து சேரணும்.

விஷயம் இதுதான். உன்னைக் கூட்டிட்டு வர நம்ம சிவப்பு ஸஸ்தாவா காரை பெல்கிராடு விமான நிலையம் வரைக்கும் தானே ஓட்டிக்கிட்டு வரப்போறாராம் உங்கப்பா. நூத்தி நாற்பது கிலோமீட்டர், லாரிங்க தலைதெறிக்கப் பறக்கிற ரோடு, பிப்ரவரியில மூளையில ரத்தம் அடைச்சு பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்த ஆள். கை கால் தேறினது கடவுள் புண்ணியம். ஆனா கண்ணைப் பரிசோதனை பண்ணாம ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. அந்த டாக்டர் பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே நான் வண்டி ஓட்டறேன்னு சொல்லி, அந்தப் பரிசோதனைச் சீட்டை நாலா மடிச்சு, ஆடுற மேஜைக் காலுக்கு அண்டக் கொடுத்துட்டார் உங்கப்பா. மக முன்னால வெளுத்துப்போன வண்டியிலயா போய் நிக்கிறதுன்னு ஈஸ்டர் முடிஞ்ச கையோட பாலிஷ் போட உட்கார்ந்துட்டார்.

வண்டி கிடந்த கோலம் உனக்குத் தெரியாது. வருஷக்கணக்கா வெயில் குடிச்சு சிவப்பெல்லாம் செத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகி, விரலை வெச்சா ரோஸ் மாவு ஒட்டும். இப்போ வர்ற வண்டிக்கெல்லாம் நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி இன்னொரு பூச்சு இருக்காம், நம்மளோடதுக்கு அதெல்லாம் கிடையாது, நிறமேதான் மேல்தோல், செத்த தோலை எடுத்துட்டா அடியில உயிர் இருக்குன்னு சொல்றார். வாஸ்தவம்தான். எண்ணெய்ப் பசையா இருக்கிற பாலிஷைக் கனமாப் பூசி ஒரு நாள் ஊற விடறார், காஞ்சு கிடக்கிற பெயின்ட் அதைக் குடிக்கணுமாம். அப்புறம் துடைச்சுட்டு, மெல்லிசான பசையைத் துணியில தொட்டுக் கையாலயே தேய்க்கிறார். மெஷின் வேண்டாமாம், ஓரத்துல பெயின்ட் மெல்லிசு, தகரம் பல்லை இளிச்சுடுமாம், அதுக்காக விளிம்புக்கெல்லாம் டேப் வேற. கடைசியில மெழுகு. தேய்க்கத் தேய்க்கத் துணியில சிவப்பு இறங்குது. அவரோட பழைய பனியன் எல்லாம் தீர்ந்து இப்போ என் தலையணை உறையில கை வெச்சிருக்கார். துவைச்சுக் கொடியில போட்டா ரத்தக்கறைத் துணி மாதிரி தொங்குது, எதிர்வீட்டு ஸ்லாவ்கா வேலியைப் பிடிச்சுக்கிட்டு, என்னடி ருஜிட்சா, பன்னி அறுக்க நவம்பர் வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்னு கேட்கறா. நானும் சிரிச்சு வெச்சேன். ஒவ்வொரு கதவு பளபளப்பாகும்போதும் அந்தப் பயணம் ஒரு அடி கிட்ட வருதேன்னு நான் எண்ணிக்கிட்டு இருந்தது அவளுக்கு எங்கே தெரியும்.

முதல்ல நான் அதைச் சோம்பேறித்தனம்னுதான் நினைச்சேன். முடிச்சாச்சு, வந்து பாருன்னு கூப்பிடுவார், போய்ப் பார்த்தா பாதி ரத்தச் சிவப்பா மின்னும், பாதி அப்படியே வெளுத்துக் கிடக்கும். சரி, களைச்சுட்டார், சொன்னா சண்டைக்கு வருவார்னு, காலையில அவர் ரொட்டி வாங்கப் போற நேரத்துல மிச்சப் பாதியை நானே தேய்ச்சு வெச்சுடுவேன். எனக்கென்ன, நாற்பது வருஷமா அவர் விட்ட வேலையை முடிச்சே பழக்கம்.

அப்புறம்தான் அந்த ரக்கியா சாராயக் கூத்து நடந்துச்சு. நம்ம வீட்டுல குடிக்க ஆகாத முதல் வடிப்பு ஒரு பாட்டில் எப்பவும் இருக்குமே, காய்ச்சல்னா காலுறையை அதுல நனைச்சுப் போடறது, முட்டி வலின்னா தேய்க்கிறது, ஜன்னல் கண்ணாடி துடைக்கிறது எல்லாத்துக்கும் அதுதானே. மெழுகு போடறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பிசுக்கு போகணும்னு ஓட்டுநர் பக்கத்துக் கதவுல அதைத் தாராளமா ஊத்தித் துடைச்சிருக்கார். அந்தக் கதவுக்கு மட்டும் தொண்ணூத்தி மூணுல, ஒண்ணும் கிடைக்காத காலத்துல, அவர் சிநேகிதன் யாரோ மட்டமான பெயின்ட் அடிச்சுக் கொடுத்தது. அது சாராயத்துல இளகிப் பாகு மாதிரி ஆகி, துணி நூலெல்லாம் ஒட்டிக்கிச்சு. ஐயோ போச்சே, முழுக் கதவும் போச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். முழுக் கதவும் போகல, நெவெனா. வலது பாதிதான் போயிருந்துச்சு. நடுவுல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி, அதுக்கு இடது பக்கம் ஒரு துளி ரக்கியாகூடப் படல. அவரோ அது எதிர்லயே நின்னுக்கிட்டு முழுக்கத் துடைச்சேன், முழுக்கப் போச்சுங்கறார்.

அன்னைக்கு மத்தியானம் பீன்ஸ் குழம்பு. தட்டுல வலது பக்கத்தை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, இவ்வளவுதானா வெச்சேன்னு கேட்டார். இடது பக்கம் அப்படியே இருந்துச்சு. நான் தட்டைத் திருப்பி வெச்சேன். ஓ, இன்னும் இருக்கான்னு சாப்பிட்டார். அந்த ரத்த அடைப்புக்கு அப்புறம் அவரோட இடப்பக்கம்னு ஒண்ணு இந்த உலகத்துலயே இல்ல, அது இல்லைங்கறதும் அவருக்குத் தெரியல. வண்டியில அந்தப் பக்கம் குழந்தை வந்தா, சைக்கிள் வந்தா, லாரி வந்தா? வண்டி கிளம்பும்போது நல்லபடியா போய் வரட்டும்னு பின்னால தண்ணி ஊத்துவோமே, எத்தனை வாளி ஊத்தினாலும் இந்தப் பயணத்துக்குப் பத்தாது.

அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. அக்கம்பக்கத்துல பார்த்துச் சிரிப்பாங்களேன்னு மறுபடியும் இடப்பக்கத்தை நான்தான் தேய்ச்சேன், தேய்ச்சுக்கிட்டே அழுதேன். எமனுக்கு வண்டியைத் துடைச்சுக் கொடுக்கிறோமேன்னு ஒருநாள் உறைச்சுது. அதோட தேய்க்கிற துணியைக் கீழே போட்டுட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ஜினுக்கு மேல இருக்கிற முன்பக்க மூடி முடிஞ்சுது. நாளைக்குப் பெட்ரோல் போட்டுட்டு நெடுஞ்சாலையில ஒரு சுத்து பார்த்துட்டு வரேன்னார். பளபளப்பு கண்ணை ஏமாத்தும்னு எப்பவும் உள்ளங்கையால தடவித்தான் பார்ப்பார். அன்னைக்கும் தடவினார், வெண்ணெய் மாதிரி இருக்குன்னார். நான் அந்தக் கையைப் பிடிச்சு மெதுவா இடப்பக்கம் நகர்த்தினேன். சொரசொரன்னு இருந்துச்சு. கை நின்னுடுச்சு. வலப்பக்கம் கொண்டு வந்தார், வழுவழுப்பு, திரும்ப இடப்பக்கம், சொரசொரப்பு. கழுத்தை முழுசாத் திருப்பினார், அப்பத்தான் அந்த வெளுத்த பாதி அவர் கண்ணுல விழுந்துச்சு. முக்காலியில உட்கார்ந்துட்டார். மறுபடியும் ஏதாவது ஆயிடுமோன்னு நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்போ மத்த கதவுலயெல்லாம் இந்தப் பாதியை யார் தேய்ச்சதுன்னு கேட்டார். நான்தான்னேன். ஏன் சொல்லலைன்னார்.

இன்னையோட நாலு நாள், பேச்சு இல்ல. சாவி அவர் சட்டைப் பையிலதான் இருக்கு. கேட்க எனக்குத் தைரியம் இல்ல. வண்டிக்குள்ள போய் உட்காரறார், சும்மா வெளியே வரார். ஒவ்வொரு தடவை கதவுச் சத்தம் கேட்கும்போதும் என்ஜின் சத்தம் வந்துடுமோன்னு காதைப் பொத்திக்கறேன். நீ வந்து சொன்னா கேட்பார்னு நினைக்கிறேன், ஆனா நீ வரணும்னா அவர் வண்டியை எடுப்பாரே, அங்கதான் என் புத்தி முட்டிக்கிட்டு நிக்குது. நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைகிட்ட இதையெல்லாம் பக்குவமாச் சொல்லு. தேவமாதா உன் தலைமேல கை வெச்சு

இந்த வரி எழுதும்போது அப்பா உள்ளே வந்துட்டார். நான் காகிதத்தை மேஜையில அவரோட இடப்பக்கமா நகர்த்திட்டேன். அப்படி நகர்த்த எனக்கு எப்படி மனசு வந்துச்சோ, என் கை நாசமாப் போக. அவர் பார்க்கல. ஆனா உட்கார்ந்ததும் வலப்பக்கம் கிடந்த பேனாவைப் பார்த்துட்டு, பேனா மூடியைத் திறந்தே வெச்சிருக்கே, நெவெனாவுக்குத்தானேன்னார். ஆமான்னேன். சாவியை எடுத்து என் கையில வெச்சார். எழுதுன்னார். சொன்னதை அப்படியே எழுதறேன். விமான நிலையத்துலேர்ந்து பஸ் பிடிச்சு வந்துடு, பஸ் ஸ்டாண்டுக்கு நான் நடந்து வந்து நிப்பேன், கூட்டத்துல என்னைப் பார்த்ததும் சத்தமாக் கூப்பிடு, என் வலப்பக்கமா வான்னார்.

தேவமாதா உன்னைக் காப்பாத்தட்டும். அவர் சொன்னதை மறந்துடாதே, வலப்பக்கம்.

உன் அம்மா,
ருஜிட்சா