நன்றி சொன்னதால் பூட்டப்பட்ட லிஃப்ட்

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
ரயில்பாதை நடைமேம்பாலத்தின் கிழக்குப் படியடியில் முதல் கடை.

பெறுநர்:
உயர்திரு மதிப்பீட்டு அலுவலர் அவர்கள்,
அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களின் செயல்திறன் மற்றும் நிலைத்தன்மைப் பிரிவு.

பொருள்: நடைமேம்பாலத்தின் இரு மின்தூக்கிகளும் முழு மதிப்பெண் பெறும் பொருட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது – பூட்டைத் திறந்து ஓடச் செய்ய வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: நான் எழுதிய நன்றிக் கடிதம், அதைப் புகாராக ஏற்றுத் தங்கள் அலுவலகம் அனுப்பிய ரசீது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐம்பத்து மூன்று வயதான நான் மேற்கண்ட முகவரியில் தையற்கடை நடத்தி வருகிறேன். என் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டன. அரசு கட்டி, தனியார் நிறுவனம் ஒன்று பராமரிக்கும் மேற்படி மின்தூக்கிகள்தான் என்னைப் பாலத்தின் மறுபக்கம் சேர்த்துக்கொண்டிருந்தன. மின்தூக்கி என்று எழுதினால் யாரோ தெரியாதவரைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. இனி லிஃப்ட் என்றே எழுத அனுமதிக்கவும்.

2. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் கிழக்கு லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே நானும், மேற்குப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரும் இருந்தோம். என்னைப் போலவே அவரும் துணையை இழந்தவர். அதுவரை பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவே. கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் என் கண்ணாடியின் கோணல் காலை அவர் நிமிர்த்திக் கொடுத்தார். அவர் சட்டையில் உதிர்ந்திருந்த பொத்தானுக்குப் பதிலாக நான் ஒன்றை வைத்துத் தைத்தேன். கைப்பையில் இருந்தது சிவப்புப் பொத்தான் மட்டுமே. வெள்ளைச் சட்டையில் அது உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் லிஃப்டே ஆடியது. மீட்க வந்தவர்களை, "இப்ப என்ன அவசரம்?" என்பது போல நான் முறைத்ததாக அங்குள்ள காவலாளி இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

3. அதன்பின் கண்ணாடிக் கடைக்காரர் அன்றாடம் லிஃப்டில் ஏறி இந்தப் பக்கம் வரத் தொடங்கினார். இந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். வரும்போதெல்லாம் ஒரு சட்டையில் பொத்தான் போயிருக்கும். கத்தரி பட்ட நூல் எது, தானாக இற்ற நூல் எது என்று எனக்குத் தெரியாதா? ஆக, திருமணம் செய்துகொள்வதென்று முடிவாயிற்று. கால் தரையில் பாவாத அந்த மகிழ்ச்சியில், லிஃப்ட் நின்றதற்கு நன்றி தெரிவித்துத் தங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். "அம்மா, இதையெல்லாமா ஆபீசுக்கு எழுதுவாங்க?" என்று என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று.

4. தங்கள் அலுவலகத்தில் நன்றியைப் பதிவு செய்ய இடமே இல்லையாம். ஆகவே என் கடிதம், 'பயணிகள் இருவர் சிக்கிய பழுது' என்று புகாரில் ஏறியது. நிறுவனத்துக்கு மதிப்பெண் குறைந்தது. அவர்கள் யோசித்தார்கள், இரண்டு லிஃப்டுகளையும் அணைத்துப் பூட்டி, 'பராமரிப்பில் உள்ளது' என்று பலகை மாட்டிவிட்டார்கள். பலகை இருந்தால் அது பழுதில் சேராதாம். அன்றிலிருந்து எதுவும் பாதியில் நிற்கவில்லை, யாரும் சிக்கவில்லை. செயல்திறனில் முழு மதிப்பெண். மின்சாரமும் செலவில்லை, தேய்மானமும் இல்லை. நிலைத்தன்மையிலும் முழு மதிப்பெண். சென்ற வாரம் கேடயமே கொடுத்தார்கள். அதை லிஃப்டுக்குள்தான் வைத்திருக்கிறார்கள். இன்றைய நிலையில் உள்ளே போக அனுமதி பெற்றது அந்தக் கேடயம் ஒன்றுதான். இது என்ன நியாயம் என்று கேட்டால் காவலாளி, "ஓடுனாதானே அக்கா ரிப்பேர் ஆகும்?" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

5. ஐயா, இந்தக் கணக்குப்படி பார்த்தால் நாளையே நான் துணி வெட்டுவதை நிறுத்திவிடலாம். ஒரு சட்டையும் இறுக்காது. யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள். என்னை விடச் சிறந்த தையற்காரி இருக்க முடியாது. கேடயத்தை எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்று தெரிவித்தால் போதும். லிஃப்ட் எத்தனை முறை நின்றது என்று எண்ணும் தாங்கள், அது எத்தனை பேரை ஏற்றி இறக்கியது என்றும் எண்ணிப் பார்க்கலாமே.

6. சிரித்துக்கொண்டே எழுதினாலும் விஷயம் சிரிப்பல்ல. வருகிற வெள்ளிக்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் திருமணம். அவர் வீடும் கடையும் மேற்கே, என் வீடும் கடையும் கிழக்கே. படியேறினால் அவருக்கும் மூச்சு வாங்கும். கல்யாணத்தன்று வாடகைக் காரில் சுற்றிக்கொண்டு போய்விடலாம். தினமும் கடைக்கும் வீட்டுக்கும் அப்படிப் போய்வர யாரால் முடியும்? "நான் கடைய வித்துட்டு உங்க பக்கமே வந்துடறேன்" என்று அவர் நேற்று சொல்லிவிட்டார். அது அவர் சிறுகச் சிறுகக் கட்டிய கடை. கண் சோதனைக்கு வரும் குழந்தைகள் அழாமலிருக்க, எழுத்துப் பலகையின் ஓரத்தில் அவரே கோணங்கி முகங்கள் வரைந்து வைத்திருக்கிறார். அதை விற்க விடுவேனா? "லிஃப்ட் ஓடாம நான் கையெழுத்தே போட மாட்டேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். அவரும் பிடிவாதக்காரர், நானும் பிடிவாதக்காரி. இந்த வயதில் கிடைத்த மனிதரை ஒரு பூட்டுக்காக இழக்க எனக்கு மனமில்லை.

7. எனவே என் கடிதத்தைப் புகாரிலிருந்து நீக்கி, குறைத்த மதிப்பெண்ணை நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் பூட்டைத் திறக்க வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓடுகிற லிஃப்ட் எப்போதாவது நிற்கத்தான் செய்யும். உள்ளே நாங்கள் இருவரும் இருந்தால், ஆற அமர வந்து மீட்டால் போதும் என்று எழுதிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

இடம்: கிழக்குப் படியடி
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
லிஃப்டுக்காகவும் தங்கள் ஆணைக்காகவும் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையற்கடைக்காரி

மேலொப்பம்: மேற்கண்ட யாவும் உண்மை. என்னை இரண்டாம் மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளவும். லிஃப்ட் ஓடினால் கடையை விற்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன். ஓடாவிட்டாலும் விற்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை முதல் முதலாம் மனுதாரரை நானே தூக்கிக்கொண்டு படியேறுவதாக இருக்கிறேன். இருவரும் சேர்ந்து விழுந்தால் அது தங்கள் கணக்கில் எதில் சேரும் என்பதை முன்கூட்டியே தெரிவித்து உதவவும்.

(கையொப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்