ஒலேனா கையில் கொடுத்த பொன்னாடை

ஆகஸ்ட் 16, சனி

இரவு மழை. காலையில் மறுபடியும் புழுக்கம். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எங்கள் அடையாறு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சந்தானத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம், முதல் வரைவு:

1. ஜூலை 27: சுதந்திர தினப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு முடிவானது. 'படையெடுப்புக்கு ஆளான நாடு அமைதிக்காக மண்ணை விட்டுக்கொடுக்கலாமா, கூடாதா?' என் மருமகள் ஒலேனா உக்ரைன் நாட்டுப் பெண் என்பது கமிட்டியில் அனைவரும் அறிந்ததே. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. ஆகஸ்ட் 10: ஆட்சேபித்தேன். "போன வருஷம் மாமியாரா மருமகளான்னு வெச்சோம் சார். இந்த வருஷம் கொஞ்சம் உலக விஷயம் பண்ணுவோமே" என்று தங்கள் பதில்.

3. ஆகஸ்ட் 15: 'விட்டுக்கொடுக்கலாம்' அணியின் தலைவர், B பிளாக் பாஸ்கர், "எங்க வீட்ல டிவி ரிமோட்டை விட்டுக்கொடுத்தேன், அன்னிலேருந்து சமாதானம்" என்றார். பலத்த கைதட்டல். நடுவராகிய தாங்களும் சிரித்தீர்கள்.

4. அதே நாள்: விட்டுக்கொடுப்பதே சரி என்று தீர்ப்பளித்தீர்கள். தீர்ப்பு தவறு.

5. அதே நாள்: முன்னறிவிப்பின்றி ஒலேனாவை மேடைக்கு அழைத்து, வெற்றி பெற்ற பாஸ்கருக்கு அவள் கையால் பொன்னாடை போர்த்தச் செய்தீர்கள்.

ஐந்தாவதோடு பேனா நின்றுவிட்டது.

என் மகன் அரவிந்த் அங்கே மருத்துவம் படிக்கப் போய், அவளைக் கைப்பிடித்து வந்தவன். அவளுடைய தமிழ் சமையலறையில், எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியிடம் கற்றது. மேடைத் தமிழ் அவ்வளவு வேகமாக வந்தால் அவளுக்குப் பிடிபடாது. தன் நாட்டுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து மேடை ஏறினாள். பாஸ்கர் தோளில் போர்த்தினாள். கை கூப்பினாள். பட்டுப் புடவை, என் மனைவி கமலா கட்டிவிட்டது.

திரும்பும்போது லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"பாஸ்கர் அங்கிள் இன்னா பேசினாரு மாமா?"

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் அம்மா இருக்கும் ஊர் இப்போது படையெடுத்தவர்கள் வசம். விட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் மண் அதுதான். தம்பி ராணுவத்தில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகமூட்டம். பிளம்பர் வருவதாகச் சொல்லி வரவில்லை. பாஸ்கர் வந்தார், ஒரு டப்பா மைசூர்பாக்குடன்.

"கோவமா இருக்கீங்களாமே வக்கீல் சார். நான் எந்த அணின்னு சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் வந்துச்சு. அந்தச் சீட்டு வந்திருந்தா கூடாதுன்னும் பேசியிருப்பேன்."

"அது தெரிந்ததுதான்."

"நீங்களே மைலாப்பூர் ஆபீஸ்ல உக்காந்து, ரெண்டு அடிய விட்டுட்டு ராஜியாப் போங்கன்னு தினம் சொல்றீங்க. நான் சொன்னா தப்பா?"

உண்மை. என் தொழிலே அது. அண்ணன் தம்பி சுவர்த் தகராறுகளில் விட்டுக்கொடுக்கச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. ஆனால் ராஜி என்றால் அதன் பின்னால் ஒரு கோர்ட் இருக்கிறது. இரண்டு அடி நிலம் வாங்கியவன் மறுவருடம் மூன்றாவது அடிக்குச் சுவரைத் தள்ளினால், உத்தரவை நிறைவேற்ற கோர்ட் அமீனா வந்து நிற்பார். அந்த நாட்டுக்கு எந்த அமீனா வருவார்? இதைத்தான் அவரிடம் சொன்னேன், குரல் உயர்த்தாமல்.

டப்பாவை மேசையில் வைத்தார்.

"அதுவும் சரிதான். ஆனா அமீனா வர்ற வரைக்கும் எத்தனை பசங்க சாவாங்க சார்?"

மேடையில் இதைச் சொல்லியிருந்தால் நானே எழுந்து கைதட்டியிருப்பேன். ரிமோட் கதைக்குக் கிடைத்தது இதற்குக் கிடைக்காது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மைசூர்பாக்கு செல்வி வீட்டுக்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். கோர்ட்டில் இரண்டு வாய்தா. ஒரு பாகப்பிரிவினை ராஜிக்கு வந்தது. கட்சிக்காரர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாய் வரவில்லை. ஜூனியர் பேசி முடித்தார்.

மாலை ஒலேனாவுடன் தி. நகர். தம்பிக்குக் கம்பளி சாக்ஸ். அரவிந்தின் நண்பன் போலந்தில் வார்சா போகிறான், அங்கிருந்து யாரோ கொண்டுசேர்ப்பார்கள். நான்கு கடைகளில் இல்லை. ஐந்தாவது கடைக்காரர்:

"இன்னா சார், ஆகஸ்ட்ல கம்பளியா? ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா?"

"தம்பிக்கு, நைனா" என்றாள் ஒலேனா. "அங்க குளிரு வரப்போவுது."

கடைக்காரர் அசந்துபோனார். "இன்னாமா, நம்மளாட்டம் பேசுது." பரணில் தானே ஏறி, தூசி தட்டிக் கொடுத்தார். சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது.

காரில் ஏறியதும்:

"லெட்டர்ல தீர்ப்பு தப்புன்னு எழுதிக்கீறீங்களாமே. அத்தை சொன்னாங்க."

"ஆமாம்மா."

"அந்த வரி வேணாம் மாமா."

"ஏன்?"

சிக்னலில் நின்றிருந்தோம். பையிலிருந்து ஒரு சாக்ஸை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சமாதானம்னு கையெழுத்துப் போட்டா அம்மா வூடு அவங்களுது. நான் போவவே முடியாது. போடலன்னா தம்பி அங்கியே நின்னுகினு இருப்பான். காலைல அம்மாகிட்ட பேசினா குடுக்கக் கூடாதுன்னு தோணுது. சாயங்காலம் தம்பி போன் எடுக்கலன்னா, குடுத்துத் தொலைங்கடான்னு தோணுது. எனக்கே தெரியல. நீங்க எப்டி எழுதுவீங்க?"

பின்னால் ஹாரன். வண்டியை எடுத்தேன்.

பாலம் தாண்டிய பிறகு சொன்னாள்: "போத்துனதுகூடப் பரவால்ல மாமா. எல்லாரும் சிரிச்சாங்களா, நானும் சிரிச்சேன். இன்னான்னு தெரியாமயே சிரிச்சேன்."



ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை இல்லை. மோட்டார் சரியாகிவிட்டது. பால் பாக்கெட் ஒன்று குறைவு. ஒலேனாவின் தம்பி நேற்று மாலையிலிருந்து போன் எடுக்கவில்லை. "சிக்னல் இருக்காது" என்று அரவிந்த் ஒவ்வோர் அறையிலும் போய்ச் சொல்கிறான். கேட்பார் இல்லை. சாக்ஸ் பொட்டலம் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில். எடுத்துவைக்க யாருக்கும் கை வரவில்லை.

நான்காவது புகாரை அடித்துவிட்டேன். எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். முதல் மூன்றும் தேவையில்லை. கோபம் மட்டும் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இறுதி வடிவம், இன்றே செயலாளர் கையில்:

ஐயா,

பட்டிமன்றத் தீர்ப்பு குறித்து எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. கேள்வி ஒன்றே. என் மருமகளின் தாய் வசிக்கும் ஊரை விட்டுக்கொடுக்கச் சொன்னவருக்குரிய பொன்னாடையை, பேசியது எதுவும் புரியாத அந்தப் பெண்ணின் கையில் தாங்கள் கொடுத்தபோது, அவள் சபையோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தீர்களா? ஆகஸ்ட் 31, மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும்.