சங்கு ஊதியதும் வந்த உறுமல்

கோவில்பட்டி
17-5-66, செவ்வாய்

கர்த்தருக்குள் பிரியமான மகன் சாமுவேல்ராஜுக்கு அப்பா வேதமுத்து எழுதிக்கொள்வது.

தேவகிருபையால் நாங்கள் மூன்று பேரும் நடமாட்டமாய் இருக்கிறோம், நீயும் அந்த பம்பாய் உப்புக்காற்றில் மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று உன் அம்மா இரண்டு வேளையும் முழங்கால் போடுகிறாள். எனக்கு முழங்காலில் வலி, நான் உட்கார்ந்தே ஜெபிக்கிறேன். கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிறது, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, பருத்தி மட்டும் வண்டி வண்டியாய் நம் தெருக்கோடி ஜின்னிங் பேக்டரிக்குப் போகிறது. எஸ்தர்ராணிக்குப் பள்ளிக்கூடம் லீவு, டீச்சரம்மா வீட்டிலும் எனக்குப் பாடம் நடத்துகிறாள். ஐந்து வருஷத்தில் என் கையால் எழுதி நான் உனக்கு அனுப்புகிற முதல் கடிதம் இது. இதுவரை உன் தங்கை எழுதியதின் கடைசியில் அப்பா விசாரித்ததாக ஒரு வரி இருந்திருக்கும், அது அவளாகச் சேர்த்தது. அந்த வருஷம் சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் நானூறு பேர் முன்னால் நீ வால்யூமைத் திருப்பிப் பிரசங்கியாரின் குரலைக் கிழித்தாய், நான் உன் பிடரியில் ஒன்று வைத்தேன், நீ மூன்றாம் நாள் ரயிலேறினாய், மறு வருஷம் சபையின் மைக் செட் வேலை நம் கடையை விட்டு அடுத்த கடைச் சோலைராஜுக்குப் போயிற்று. அதற்கப்புறம் நான் எதை விசாரிக்க?

சரி, அது கிடக்கட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. ஆம்ப்ளிபயர் வால்வு சம்பந்தமாக உனக்கு ஒரு சந்தேகம் வந்தால் இந்த ஊரில் யாருக்கு எழுத வேண்டும்? சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற சோலைராஜுக்கா? போன செவ்வாய்க்கிழமை அவன் உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வந்தான். "அண்ணாச்சி, ஒங்க மவன் எனக்கு எழுதியிருக்கான். சத்தம் கிழியாம இருக்கத்தான் நான் படிச்சேன், இவன் கிழியணும்னு கேக்கான், எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான். அவனுக்கு விளங்கவில்லை என்றதும் எனக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் பாய்ந்தது போல இருந்தது. அவனுக்குக் காப்பி போடச் சொன்னேன்.

அவன் விட்டுப்போன உன் கடிதத்தை ஒன்பது தரம் படித்தேன். உன் பேஸ் கிட்டாரின் தடிக்கம்பியைத் தட்டினால் நீ வாசிக்கிற ஹோட்டலின் ஆம்ப்ளிபயரில் தலையணையைத் தட்டுவது போல வருகிறது, வால்யூமைக் கூட்டினால் மேஜைக் கண்ணாடிகள் ஆடுகின்றன, யாரோ கொடுத்த டிரான்சிஸ்டர் பெட்டியைச் சேர்த்தால் தீப்பெட்டிக்குள் ஈயை அடைத்தது போல இரைகிறது, வெளிநாட்டு ரெக்கார்டில் வருகிற அந்த உருண்டையான உறுமல் மட்டும் வரவில்லை, இந்த மாசக் கடைசிக்குள் வராவிட்டால் பழையபடி அந்த ஆளுயரப் பெரிய பிடில் வாசிக்கிறவரையே கூப்பிட்டுக்கொள்வேன் என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார், இவ்வளவுதானே? வேலை போகிற விஷயத்தைக் கூட அப்பனுக்கு எழுதாமல் அடுத்த கடைக்காரனுக்கு எழுதினாய் பார். அது என் மண்டைக்குள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கிட்டார் இல்லாமல் எப்படிப் பரீட்சை பண்ணுவது? பழைய கட்டிலின் சட்டத்தைக் கழற்றினேன். அதன் மேல் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை முறுக்கிக் கட்டினேன். பட்டாளத்து ஹெட்போனின் மூடியையும் தகட்டையும் எடுத்துவிட்டால் உள்ளே காந்தமும் சுருளும் இருக்கும் அல்லவா, அதைக் கம்பிக்கு அடியில் வைத்து, ஒயரை நம் பெரிய ஆம்ப்ளிபயரில் கொடுத்தேன். நம் ஹார்ன் குழாய் கீழ்ச்சத்தத்தை விழுங்கிவிடும், அதனால் பன்னிரண்டு அங்குலக் காகித ஸ்பீக்கரை மரப்பெட்டியில் அடைத்து வைத்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டிலையும் ஒடச்சாச்சு, இனி தரையிலதான் படுக்கணும். அவன் வேல நெலைக்குமான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். நிலைக்கும் என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, இருந்தாலும் சொன்னேன்.

நாலு நாள் வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்ததப்பா அந்தச் சத்தம். பாரம் ஏற்றின எட்டயபுரம் பஸ் முதல் கியரில் மேடேறுகிற சத்தம் போல, ஆனால் அதற்குள் சுருதி நிற்கிறது. மெதுவாகத் தொட்டால் பேசுகிறது, அழுத்தித் தட்டினால் உறுமுகிறது, விட்டால் இழுத்து அடங்குகிறது. குமிழ் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன், உனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதி ஒட்டினேன், மறுநாள் ஆராதனை முடிந்ததும் வந்து கேட்டுப் போகும்படி சோலைராஜுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சலவை வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். நான் கம்பியைத் தட்டினேன். உறுமல் இல்லை. சுத்தமாய், தெளிவாய், வெறும் டும். பத்து தரம் தட்டினேன், பத்தும் டும். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஆகாசவாணி மாதிரி தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் காப்பியைக் குடித்துப் போய்விட்டான். அவன் தெருமுனை தாண்டுகிறவரை பொறுத்திருந்து எஸ்தர்ராணியைக் கூப்பிட்டேன். குமிழைத் தொட்டது நீதானே ஏட்டி என்று கத்தினேன். அவள், "நான் தொடல. நீங்க போட்ட கோட்டுலதான நிக்குது, வந்து பாருங்க" என்றாள். பார்க்க மாட்டேன் என்றேன். ஒட்டின கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

திங்கள்கிழமை காலை எட்டு மணி, மனசில்லாமல் அந்தக் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், ஜின்னிங் பேக்டரியில் சங்கு ஊதுகிறது. சங்கு ஊதி மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் ஆம்ப்ளிபயரின் சின்ன விளக்கு மங்குகிறது, டும் என்பது அப்படியே என் விரலுக்கடியில் உறுமலாய் மாறுகிறது! ஓடிப்போய் மீட்டரை எடுத்து வைத்தேன். அப்போது நூற்று எழுபது வோல்ட், மத்தியானம் பேக்டரி நின்றதும் மறுபடி வைத்தேன், இருநூற்று முப்பது. ஞாயிற்றுக்கிழமை பேக்டரி இல்லை, அதனால் வோல்டேஜ் முழுசாய் இருந்திருக்கிறது. இந்த வோல்டேஜ் குறைச்சலுக்காகப் பத்து வருஷமாய் நான் போடாத மனு இல்லை, கடைசியில் அதுவே எனக்கு வாத்தியார் ஆயிற்று.

இதை நன்றாய்ப் புரிந்துகொள். வால்வு என்பது ஒரு மடை. கொள்ளுகிற மட்டும் தண்ணீர் தெளிவாய்ப் போகும், அதற்கு மேல் வந்தால் ஓரம் தட்டிச் சுழிக்கும், நீ தேடுகிற உறுமல் அந்தச் சுழிப்புதான். உன் ஹோட்டல் ஆம்ப்ளிபயர் அகலமான மடை, அதைச் சுழிக்க வைப்பதற்குள் கட்டிடம் ஆடும். வோல்டேஜ் இறங்கினபோது நம் மடை குறுகிவிட்டது. பம்பாயில் கரண்ட் இறங்காது, நீ குறுகின மடையைத் தேடிப் போக வேண்டும். ஒரு பழைய வால்வு ரேடியோ வாங்கு, பின்னால் கிராமபோன் சொருகுகிற ஓட்டை இருக்கும், அதில் கிட்டாரைக் கொடுத்து வால்யூமை முழுசாய் வை. அதன் கடைசி வால்வு சின்னது, சீக்கிரம் சுழிக்கும். ஆனால் சுழித்த தண்ணீரில் ஆழம் தெரியாது, கீழ்ச்சத்தம் மெலிந்துபோகும். ஆகையால் கிட்டார் ஒயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ரேடியோவுக்கும் மற்றதை ஹோட்டல் ஆம்ப்ளிபயருக்கும் கொடு. பெரியது அடக்கமாய், சுத்தமாய்த் தரையைப் பிடித்துக்கொள்ளட்டும், சின்னது அதன் மேல் உறுமட்டும். ரேடியோ ஓங்கினால் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பு. நேற்று மத்தியானம் பேக்டரி நின்ற ஒரு மணி நேரத்தில், முழு வோல்டேஜில், நம் வீட்டு ரேடியோவை வைத்து இதைச் செய்து பார்த்துவிட்டேன். வருகிறது. படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், அந்த மாதிரி ரேடியோ வால்வு இரண்டை நம் பருத்தியிலேயே பொதிந்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நேற்று அதைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர்ராணி பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணனும் அன்னைக்கு தொடலன்னுதான சொன்னான். அன்னைக்குக் கூட்டம் எத்தன மணிக்குப்பா?" என்று கேட்டாள். புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நாலு மணிக்குத்தான் பேக்டரியில் இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதி, நின்ற மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கும்.

துணியை எடுத்து என் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே நீ கன்வென்ஷனுக்காகப் போட்ட பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. சாமுவேல், அன்றைக்கு உன் மேல் கை வைப்பதற்கு முன்னாலேயே நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். குமிழ் அதன் மேல்தான் நின்றது. குரல் கிழிகிறது, நானூறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், காரணம் எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ பக்கத்தில் நின்றாய். உன் அம்மாவிடம் இதை நேற்றுத்தான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மீட்டர் காட்டிய கணக்கு, சங்கு ஊதுகிற நேரம், ஆம்ப்ளிபயரிலும் குற்றம் இல்லை, அதை இயக்கின என் மகன் சாமுவேல்ராஜ் மேலும் குற்றம் இல்லை, குற்றம் சாட்டினது நான் என்று எழுதி, வருகிற ஞாயிறு ஆராதனை முடிவில் எல்லோரும் இருக்கும்போது வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் வாசிக்காவிட்டால் நானே எழுந்து வாசிப்பேன். மைக் இல்லாமலே என் குரல் கேட்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் விரல்களுக்கு நல்ல சத்தத்தைக் கொடுப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, ஹோட்டலில் மிஞ்சின மீனைத் தின்னாதே. டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோவாகப் பார்த்து வாங்கு, அது இல்லாத ரேடியோவில் கரண்ட் நேராய் உள்ளிருக்கும் இரும்புத் தகட்டுக்கு வரும், உன் கிட்டார் கம்பிக்கும் வந்துவிடும், உயிருக்கு ஆபத்து. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிபயரை ஓட்டாதே. சுவிட்சை நிறுத்தின பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், எப்போது திறந்தாலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள், சின்ன வயசில் நான் உன் கையைப் பிடித்துக் கட்டிவிடுவேனே, அதே மாதிரி. சத்தம் வந்ததும் எப்படி இருந்தது என்று உடனே எழுது. சோலைராஜுக்கு இல்லை, எனக்கு.

இப்படிக்கு,
உன் சுகத்தை விசாரிக்கும் அப்பா
சா. வேதமுத்து

விசாரித்தேன் என்ற வரியை இந்தத் தரம் நானே எழுதியிருக்கிறேன். எஸ்தர்ராணி பார்த்துவிட்டாள்.