பீலி இல்லாத பக்கம்

அன்னம்மாள் துணை

உர்தாலே கிராமம், நவார்ரா, ஸ்பெயின்
12 நவம்பர் 2023

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் முடித்துவிடுவீர்கள் என்பதால் கேட்கவில்லை. பனிக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போன ஞாயிறு நான் கேட்டதற்கு நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே, அடுத்த வீட்டுக் காம்பிராவிலிருந்து அழகம்மா அக்கா "பெற்றீசியா என்னவாம்?" என்று கேட்டது இங்கே எனக்குக் கேட்டது. நம் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் ஒருநாளாவது சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறோமா? எல்லாச் சண்டையும் குசுகுசுவென்றுதான். அதனால் இதைக் காகிதத்தில் கேட்கிறேன்.

அதற்கு முன் உங்களுக்குப் பிடித்த விஷயம். நான் பார்த்துக்கொள்ளும் பிலார் அம்மாவின் வீட்டில்தான் ஊர்க் கோயிலின் சாவி பரம்பரையாக இருக்கிறது. அவருக்கு இப்போது படி இறங்க முடியாது. ஆகையால் கோயிலைத் திறப்பதும் கூட்டுவதும் என் வேலையாகிவிட்டது. சாவி என் முழங்கை நீளம். கோயில் கட்டித் தொள்ளாயிரம் வருஷமாம். ஊரில் மிஞ்சியிருப்பது கிழவர்கள் மட்டும். பாதர் எட்டு ஊருக்கு ஒருவர், இரண்டு ஞாயிறுக்கு ஒரு தடவை வந்து பூசை வைத்துவிட்டு ஓடுகிறார். வாசல் நிலையில் நின்று சுவரின் கனத்தை அளந்தேன். கையை நீட்டியும் அந்தப் பக்கத்து விளிம்பு எட்டவில்லை. நீங்கள் பார்த்தால் சோறு தண்ணீர் இல்லாமல் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இனிக் கேட்கிறேன். பிள்ளை போய் நான்கு வருஷம். நான் பிரசவ மயக்கத்தில் கிடந்தேன். நீங்கள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிக்கொண்டு போனீர்கள். எங்கே வைத்தீர்கள்? கேட்ட ஒவ்வொரு தடவையும் "அத விடு புள்ள" என்றீர்கள். மறுநாளே மேசன் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்கும் போனீர்கள். அந்தக் கோபத்தில்தான் நான் இங்கே வந்தேன், காசுக்காக மட்டுமில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

பிலார் அம்மாவின் மகள் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். இடம் தெரியாமல் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, எந்தப் பக்கம் பார்த்து நான் நடப்பது?

அன்புடன்
பெற்றீசியா

பி.கு.: நம் கோயில் கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலியை முழுசாகப் போட்டீர்களா? மேசன் பெண்டாட்டி என்று பெயர். பெண்கள் குடை மடக்கும் இடத்தில் கூரைத் தண்ணீர் கொட்டி என் சேலைதான் முதலில் நனையும்.


மேல் டிவிசன், றொசல்ல
இலங்கை
9 டிசம்பர் 2023

அன்புள்ள பெற்றீசியாவுக்கு,

சுகம். ஒற்றை எழுத்தில் முடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை ஹட்டன் டவுனில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து படித்தேன். லயத்தில் பிரித்தால் அழகம்மா அக்காவும் கூடப் படிக்கும். அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை. நீ போனதிலிருந்து ஞாயிறு கறி அங்கேதான்.

அந்தச் சுவரைப் பற்றி இன்னும் எழுது. கல்லுக்கு நடுவே சுண்ணாம்பா, மண்ணா? அவ்வளவு கனம் என்றால் இரண்டு பக்கமும் வெட்டுக் கல் வைத்து நடுவில் உடைகல்லைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மூலைக் கல்லைப் பார். ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில் வைத்திருந்தால் நல்ல கை. இங்கே நான் கட்டுவதெல்லாம் சிமெந்துக் கல், நாற்பது வருஷம் நின்றால் பெரிது.

வரும் நத்தார் பண்டிகைக்குக் கோயிலுக்கு வெள்ளை அடித்தோம். பீலி அப்படியேதான் இருக்கிறது. தகரம் பற்றவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே.

நீ கேட்டதற்கு எனக்கு எழுத வரவில்லை. நான் அழவில்லை என்று நினைக்காதே. கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடு.

லியனார்ட்


உர்தாலே
14 ஜனவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

சுண்ணாம்பு பற்றி ஒரு பக்கம், மூலைக் கல் பற்றி ஒரு பக்கம், பிள்ளையைப் பற்றி இரண்டு வரி. உங்களைத் தெரிந்துதானே கட்டிக்கொண்டேன், யாரைச் சொல்வது.

கோபம் இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சுண்ணாம்புதான். மூலையில் நீளம், குறுக்கு, நீளம், குறுக்கு என்றே போகிறது. பீடத்துக்குப் பின்சுவர் அரை வட்டமாக வளைகிறது, அதற்கு மேல் கல்லாலேயே பாதிக் கூடையைக் கவிழ்த்தது மாதிரிக் கூரை. அது முதலில் கட்டியது. முந்நூறு வருஷம் கழித்து, ஆட்டு மயிர் விற்று ஊரில் காசு புழங்கியபோது கோபுரம் கட்டினார்களாம். கோபுரத்துக் கல்லும் கோயில் கல்லும் ஒட்டும் இடம் கோடு போட்டதுபோலத் தெரிகிறது. அதற்கும் பிறகு பீடத்துக்குப் பின்னால் மரத்தில் செதுக்கிப் பொன் பூசிய புனிதர் சுரூபங்கள். இப்போது அவற்றின் மேல் புறா எச்சம், நான்தான் துடைக்கிறேன்.

வெளிச்சுவரில் சில கற்களில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கின்றன. ஒன்றில் அம்பு, ஒன்றில் ஏணி, ஒன்றில் பாதி நிலா. பிலார் அம்மா சொன்னார், அதெல்லாம் அந்தக் காலத்து மேசன்மார் தாங்கள் கொத்திய கல்லில் போட்ட அடையாளமாம். பேர் எழுதத் தெரியாதவர்கள். ஏணி போட்டவர் நல்ல ஆளாக இருப்பார் என்று தோன்றியது. பெண்டாட்டி கேட்டதற்குப் பதில் சொல்லியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கூட்டினேன். உள்ளே யாருமில்லை. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு சத்தமும் போகாது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கத்தி அழுதேன். நான்கு வருஷத்தில் முதல் தடவை. லயத்தில் நான் விம்மினாலே ஆறு வீட்டுப் பெண்களும் வந்து "இன்னொண்ணு பொறக்கும் தாயி" என்று தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். எனக்கு இன்னொன்று வேண்டியிருக்கவில்லை, இதற்கு அழ இடம்தான் வேண்டியிருந்தது.

நீங்களும் எங்கேயாவது போய் அழுதீர்களா மச்சான்? அதையாவது எழுதுங்கள்.

பெற்றீசியா


மேல் டிவிசன், றொசல்ல
11 பெப்ரவரி 2024

அன்புள்ள பெற்றீசியாவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். சாந்து பட்டுவிட்டது.

நான் அழுதது கோயிலில்தான். உள்ளே இல்லை, வெளியே.

இங்கே ஒரு பிரச்சினை. கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவர் கோயிலுக்குப் புதுப் பீலி வாங்கித் தந்திருக்கிறார். பிளாஸ்டிக், நல்ல சாமான், கூரையைச் சுற்றி முழுசாக வரும். பெரிய மழைக்கு முன், மே கடைசியில் பூட்டிவிட வேண்டும் என்று கமிட்டித் தலைவர் லாசரஸ் அண்ணன் சொல்கிறார். இடப் பக்கத்தில் அந்தக் கொஞ்ச இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "லியனார்ட்டு, உம் பொஞ்சாதியே அந்த எடத்துல நனைஞ்சு நனைஞ்சுதான் வெளிநாட்டுக்கு ஓடிட்டா" என்றார் அண்ணன். விளையாட்டுக்குத்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். கமிட்டியிலிருந்தும் விலகிவிட்டேன்.

காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

லியனார்ட்


உர்தாலே
10 மார்ச் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஒரு பீலிக்காகவா கமிட்டியோடு முறைத்துக்கொண்டு வந்தீர்கள்? அதற்கு இருக்கிற ரோசம் எனக்குப் பதில் எழுதுவதில் இல்லை. லாசரஸ் அண்ணன் நம் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், போய்ச் சமாதானமாகுங்கள்.

உங்கள் கட்சிக்கு இங்கே ஆள் இருக்கிறது. இந்தக் கோயில் கூரைக்குப் பீலியே கிடையாது. மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து நேராகக் கீழே விழும். கூரை விளிம்புக்கு அடியில் வரிசையாகக் கல் முளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு உருவம். பீப்பாய் சுமக்கிறவன், குழல் ஊதுகிறவன், பல்லைக் காட்டும் நாய். மழை பெய்தால் எல்லாருக்கும் மூக்கில் தண்ணீர் ஒழுகும்.

போன வாரம் நல்ல மழை. பிலார் அம்மா என்னைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "குளிரும் அம்மா" என்றேன். "திற, கேட்க வேண்டும்" என்றார். எதிரே கோயிலின் வடக்குச் சுவர். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகுதான் சொன்னார். அவருக்கு முன் ஒரு அண்ணன் பிறந்தானாம். மூச்சு விடாமல் பிறந்தவன், ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாதர் செபித்து மந்திரித்த கல்லறை நிலத்தில் வைக்க விடமாட்டார்களாம். இந்தப் பக்கத்து ஊர்களில் தாய் தகப்பன்மார் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயில் சுவரோரம், கூரை விளிம்புக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். கோயில் கூரையில் ஓடிவரும் தண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தால் அதுவே ஞானஸ்நானம் என்று. எத்தனை நூறு வருஷமாகவோ அந்த வடக்குச் சுவரோரம் முழுக்கப் பிள்ளைகள்தானாம். அவருடைய அம்மா மழை பெய்தால் குடையில்லாமல் போய் அங்கே நிற்பாராம்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். ஒரு அடையாளமும் இல்லை. புல்லும், தண்ணீர் விழுந்து விழுந்து குழிந்த ஒரு கோடும்தான். ஆனாலும் அந்த அம்மாவுக்கு எந்தப் பக்கம் ஜன்னலைத் திறப்பது என்று தெரிகிறது.

எனக்குப் பொறாமையாக இருந்தது மச்சான். தொண்ணூறு வயதுக் கிழவியைப் பார்த்துப் பொறாமை. இனி உங்களைக் கேட்கப் போவதில்லை. ஏப்ரல் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பெற்றீசியா


மேல் டிவிசன், றொசல்ல
2 ஏப்ரல் 2024

என் பெற்றீசியாவுக்கு,

உன் கடிதத்தை அதே கடையில்தான் படித்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது தெரியவில்லை. கடைக்காரர் வந்து "அண்ணே, ஊர்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

இதை நான் எழுதியே ஆக வேண்டும். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்.

பிள்ளையை ஒரு துணியில் சுற்றித் தந்தார்கள். த்ரீவீல் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம், நல்ல மழை. கோயிலடியில் லாசரஸ் அண்ணன் நின்றார். அவர் கெட்டவர் இல்லை, பழைய ஆட்கள் சொன்னதைச் சொன்னார். "ஞானஸ்நானம் இல்லாத புள்ளைய மந்திரிச்ச மண்ணுல வைக்கப்படாது தம்பி, தேயில ஓரமா வச்சிரு." சரி என்றேன். அவர் போய்விட்டார். எனக்குத் தேயிலை ஓரத்துக்குப் போகக் கால் வரவில்லை. நாலு தலைமுறையை அந்தத் தேயிலைக்குக் கொடுத்தாயிற்று, இவனையும் ஏன் கொடுக்க வேண்டும்?

அந்த வாரம் கோயிலின் இடப் பக்கத்துச் சுவருக்கு நான் சாந்து பூசிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி, கரண்டி எல்லாம் அங்கேயே கிடந்தன. கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற யாருமில்லை, கோயில் தண்ணீராவது விழட்டும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் கல்யாணச் சட்டையில் சுற்றி, ஆழமாகவே தோண்டி அங்கே வைத்தேன். நீ ஆறாம் மாதம் சொன்ன பேரைச் சொல்லித்தான் வைத்தேன். ஜூலியன் என்று சத்தமாகவே சொன்னேன். மழைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அங்கேதான் அழுதேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன் என்று எழுதியிருந்தாய். அந்தச் சுவரைத்தான் பூசப் போனேன். பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் அந்த லயத்துச் சுவர்தான். சொன்னால் நீ அழுவாய். ஆறு வீட்டுக்கும் கேட்கும். கேட்டால் எடுத்து வேறிடத்தில் வை என்பார்கள். அவனை இன்னொரு தடவை தூக்க என்னால் முடியாது. அப்புறம் கூரைக்குப் பீலி போடும் வேலை என்னிடமே வந்தது. அந்த இடம் வந்ததும் தகரம் பற்றவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டேன். தகரம் மிச்சம் இருந்தது. நம் கோழிக்கூட்டுக்கு மேல் கிடப்பது அதுதான்.

உன் ஏணிக்காரரைப் போல நானும் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். சுவரின் அடியில், சாந்து காயும் முன் கரண்டி முனையால் ஒரு சின்னச் சிலுவை. குனிந்து பார்த்தால் தெரியும்.

இப்போது உனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். மே கடைசியில் புதுப் பீலியைப் பூட்டிவிடுவார்கள். காரணம் சொல்லாமல் எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்
லியனார்ட்


உர்தாலே
21 ஏப்ரல் 2024

என் அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோய்ப் படித்தேன். பிறகு பிலார் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷனுக்கு எங்கள் ஊர் வழக்கம் யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "எங்கள் ஆட்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றார். பிறகு அவரே மகளுக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

கையெழுத்துப் போடவில்லை. மே பதினெட்டாம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தாலும் சேர்வோம். போனில் உங்களிடம் திகதியை மட்டும் சொல்கிறேன். மற்றதை அழகம்மா அக்காவுக்கு நான் நேரில் சொல்ல வேண்டும்.

அதுவரை பீலி பூட்டும் ஏணியை ஒளித்து வையுங்கள். லாசரஸ் அண்ணனிடம் நான் பேசுகிறேன். எடுத்து வேறிடத்தில் வை என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இந்தத் தடவை குசுகுசுவென்று பேசப் போவதில்லை.

கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே வரும் வரைக்கும் எத்தனை ஞாயிறு அந்த இடத்தில் நின்று குடையை மடக்கியிருப்பேன். கூரைத் தண்ணீர் கீழே விழுந்து என் காலில் தெறிக்கும். தெறித்தபோதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கேயேதான் நின்றேன். தள்ளி நிற்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை மச்சான்.

ஜூலியனின் அம்மா
பெற்றீசியா