காதுக்குள் வசனம் சொன்ன மைனிக்கு

மைனி,

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்து, நான் டிரம்முக்குள் ஹோஸைச் சொருகிவிட்டு இடுப்பை நிமிர்த்துகிற நேரம் பார்த்துத்தான் போன் 'டிங்' என்கிறது. "யாருக்கா இந்நேரத்துல?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. யாரென்று சொல்ல? நீங்கள் என் போனில் ஏற்றிவிட்டுப் போன வேதாகம ஆப்தான். இன்றைய வசனம் வந்திருக்கிறதாம். கீழே ஒரு தீக்கொழுந்துப் படம். தினமும் திறந்தால் எரியும், திறக்காவிட்டால் அணைந்துவிடும். நேற்று அணைந்துவிட்டது. 'உங்கள் தொடர் வாசிப்பு நின்றுவிட்டது' என்று துக்கச் செய்தி மாதிரி ஒன்று இங்கிலீஷில் வந்தது. அதை வாசித்துச் சொல்லிவிட்டு என் மருமகள் சிரிக்கிறாள்.

உயிரோடு இருக்கும்போது, "ஏட்டி, ஜெபத்துக்கு வாரியா இல்லியா?" என்று நடுச்சுவரைத் தட்டுவீர்கள். போனபிறகும் தட்டுவதற்கு ஆள் வைத்துவிட்டுப் போனவர் இந்தத் தாராவியிலேயே நீங்கள் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டுதான் அந்த வேலையைச் செய்தீர்கள். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மற்றக் கையால் என் போனைப் பிடுங்கி எதையெதையோ அமுக்கினீர்கள். திடீரென்று ஒரு ஆண்குரல் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்க ஆரம்பித்தது.

"இனிமே இவன் உனக்கு வாசிப்பான்."

"குரல் நல்லாத்தான் இருக்கு மைனி. ஆளு எப்படி? பொண்ணு எதும் பாக்கணுமா?"

"சும்மா இரிட்டி, சிரிச்சா தையல் வலிக்கி."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த ஆள் நம்மைக் கண்டுகொள்ளாமல் வாசித்துக்கொண்டே போனான். அன்றைக்கே எனக்கு அவன்மேல் எரிச்சல்.

இன்றைக்கும் அதே எரிச்சல்தான். அவன் எங்கேயும் நிற்பதில்லை. நாம் இரண்டு பேரும் சட்டை மூட்டையை நடுவில் போட்டுக்கொண்டு பிசிறு நூல் வெட்டுவோமே, அப்போது நீங்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வசனம் வாசிப்பீர்கள். பிறகு அந்த வசனத்தோடு ஒரு சண்டை. "யோபு பெண்டாட்டிய எல்லாரும் ஏசுதாங்க. அத்தன பிள்ளையளப் பறிகொடுத்தவ அவளுந்தானட்டி? அவளுக்கு ஒருத்தன் ஆறுதல் சொன்னானா?" என்று என்னைக் கேட்பீர்கள், ஏதோ நான்தான் யோபுவுக்குச் சொந்தக்காரி மாதிரி. சண்டை முடிவதற்குள் சேட் மூட்டையை எடுக்க வந்துவிடுவான். போனில் வாசிக்கிற ஆளோ அந்தப் பெண்ணை ஒரு மூச்சில் தாண்டிப் போய்விட்டான். "ஏய், நில்லுல!" என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைதான் பொறுக்கமுடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? வெள்ளி சாயங்காலம் ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் கோலியில், அந்த ஒற்றை அறைக்குள், வீட்டு ஜெபம். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிக்கவேண்டும். எனக்கு எழுத்து தெரியும். கூட்டி வாசிப்பதற்குள் டீ ஆறிவிடும். ரெண்டாம் வகுப்போடு நின்றவள். பொடி எழுத்து வேதத்தில் நீளமான வார்த்தை வந்தால், ரயில் பெட்டிகளை வண்டி ஓடும்போது எண்ணுகிற மாதிரி இருக்கும். அதற்காக நீங்கள் கண்டுபிடித்த வித்தை இருக்கிறதே! உட்கார்ந்ததும் கண்ணாலேயே தலைகளை எண்ணுவீர்கள். எனக்கு எந்த வசனம் வரும் என்று கணக்குப் போட்டு, முக்காட்டை இழுத்துவிடுகிற சாக்கில் என் காதில் ஓதிவிடுவீர்கள். நான் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பேன். என் முறை வந்ததும் முழங்கையால் ஒரு இடி. விரலைப் புத்தகத்தில் வைத்து நான் கணீரென்று ஒப்பிப்பேன்.

ஒருதரம் பிந்தி வந்த ஒரு அம்மா நமக்கு முன்னால் வட்டத்தில் நுழையப் பார்த்தாள். நுழைந்தால் கணக்கு போச்சு. "அங்க இருக்காதீங்க, மேல ஒழுகும்!" என்றீர்கள். மே மாதம். தகரம் கொதிக்கிறது. அவள் மேலே பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் ஜெபத்தில் சிரிப்பை அடக்கிய பாட்டை, பரிசுத்தமாய்க் கண்ணீர் விடுவதாக ஜெபம் நடத்துகிற உபதேசியார் நினைத்துக்கொண்டார்.

நீங்கள் போனபிறகு முதல் வெள்ளியன்று எனக்குத் தலைவலி. அடுத்த வெள்ளி வயிற்றுவலி. மூன்றாவது வாரத்துக்கு வலி கிடைக்கவில்லை. அந்தப் போன் ஆளையே நம்பிப் போனேன். மருமகளின் இயர்ஃபோனை ஒரு காதில் சொருகி, மேலே முக்காட்டைப் போட்டுக்கொண்டேன். அவன் சொல்லச் சொல்ல நான் சொல்லவேண்டியது. அவ்வளவுதானே?

என் முறை வந்தது. மருமகள் அந்த வசனத்தை அமுக்கிவிட்டாள். பாதி வசனம் அருமையாகப் போனது. அதற்குள் அந்த ஆள் நின்றான். யோபு பெண்டாட்டிக்கு நிற்காதவன் அங்கே நின்றான் மைனி! உடனே ஒரு பொம்பளை இந்தியில் விளம்பரம் ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷம் காதில் விழுந்ததை அப்படியே சொல்லிப் பழகிய வாய். "தோ கரீதோ, ஏக் முஃப்த்..." என்று நானும் பக்தியோடு சொல்லிவிட்டேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வாங்குனா ஒண்ணு இலவசம்னு எந்த அதிகாரத்துல இருக்கும்மா?"

"சோப்பா ஷாம்பூவாக்கா?" என்றாள் ஒருத்தி.

நானும்தான் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். அதுதான் என் வழக்கம். சிரிப்பு அடங்கியதும் உபதேசியார் தங்கமான மனசோடு சொன்னார்: "கஷ்டப்படாதீங்கம்மா. இனிமே சுத்துல உங்கள விட்டு அடுத்த ஆளு வாசிக்கட்டும். நீங்க பாட்டு மட்டும் எடுத்துக் குடுங்க."

அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வட்டத்தில் உட்கார்ந்திருந்தும் வட்டத்தில் இல்லாமல் போவதா? வீட்டுக்கு வந்து உங்கள்மேல்தான் கோபப்பட்டேன். காதில் ஓதி ஓதி என்னைக் கெடுத்தது யார்? பாதி வழியில் இறக்கிவிட்டுப் போவதென்றால் முதலிலேயே ஏற்றாமல் இருந்திருக்கலாமே. சுவரைப் பார்த்து இவ்வளவும் கத்தினேன். அந்தப் பக்கம் இப்போது உல்லாஸ்நகரிலிருந்து வந்த சிந்திக் குடும்பம் இருக்கிறது. பதிலுக்கு அவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

மருமகள்தான் போனை வாங்கி, திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தாள். எழுத்து பெரிதானது. இன்னும் விரித்தாள். சயான் ஸ்டேஷன் போர்டு அளவுக்கு ஆனது. "இப்பப் பாருங்க அத்தே." பார்த்தேன். திரையில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. ஒரு வார்த்தையை நான் கூட்டிவிடுவேன். ஒன்றைக் கூட்டி, தள்ளிவிட்டு, அடுத்ததைக் கூட்டவேண்டும். இதை எனக்குச் சொல்லாமல் அந்தப் பேசுகிற ஆளைப் பிடித்துக் கொடுத்தீர்களே மைனி!

அடுத்த வெள்ளி ஜெபம் நம் கோலியில். உங்கள் இடத்தில் சட்டை மூட்டையை வைத்திருந்தேன். சுற்று வந்தது. உபதேசியார் என்னைத் தாண்டி மருமகளுக்குக் கை காட்டினார்.

"நில்லுங்க உபதேசியாரே. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவசரம் உள்ளவங்க டீ குடிச்சிட்டு வாங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினேன். நடுவில் ஒரு நீள வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். எடுத்துக் கொடுக்க யாரோ வாயைத் திறப்பது கேட்டது. வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். என் முழங்கை தானாக மூட்டைப் பக்கம் போய் இடித்தது. மூட்டை பேசாமல் இருந்தது. நானே கூட்டினேன். தப்பில்லாமல் வந்தது. வசனம் முடிந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. உபதேசியார் விரலை அடுத்த வசனத்துக்கு நகர்த்தினார். "அடுத்தது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது மருமகள். செம்பூரில் இங்கிலீஷ் படித்த பிள்ளை. அவள் போனில் தமிழ் வேதம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் என்பது வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. கடகடவென்று வாசித்தவள் ஒரு வார்த்தையில் தடுமாறி நின்றாள். காது மடல் சிவந்துவிட்டது. எனக்கு அந்த வசனம் தெரியும். நூல் வெட்டும்போது நீங்கள் சண்டை போட்ட வசனம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை நீண்டு அவள் முக்காட்டைச் சரிசெய்தது. அந்தச் சாக்கில் வார்த்தையை அவள் காதில் போட்டேன். அவள் கணீரென்று வாசித்தாள்.

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது போன் மறுபடியும் 'டிங்' என்றது. "இருல, வாரேன்" என்றேன்.