பதினேழாம் குடுவை

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நானும் பாப்பாவும் மாமாவும் சுகம். அப்படி எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் எழுதிவிட்டேன். நேற்றுதானே போனில் பேசினோம், இன்று எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தக் கோளாறு இல்லை.

மாமாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. பெருமைதான் மருந்து. முடிவெட்டப் போன இடத்தில், "உலகத்துல உயிர் எப்படி வந்துச்சுன்னு என் பையன் கண்டுபிடிச்சுட்டான்" என்று அரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். "அப்படியே முடி ஏன் போச்சுன்னும் கேட்டுச் சொல்லுங்க" என்றாராம் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அதையும் பெருமையாகவே சொன்னார். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆய்வகத்தில் இப்போது இருபத்து மூன்றாம் குடுவை ஓடுகிறது. நீங்கள் போன பிறகு இது ஆறாவது. ஆதி பூமியில் இருந்திருக்கும் என்கிற அதே வாயுக்கள், அதே கொதிநீர், அதே மின்பொறி, அதே ஏழு நாள். நீர் ஒழுங்காகப் பழுப்பாகிறது, அமினோ அமிலங்களும் வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் செருப்பு ஜோடி மாதிரி இடது, வலது என்று இரண்டு வடிவத்தில், சரிபாதி. உயிருள்ள உடம்புதான் இடதை மட்டும் வைத்துக்கொள்ளும். உயிரே இல்லாத குடுவையில் இடது மிகுந்து வந்தது என்பதற்குத்தானே அந்த ஊரில் உங்களைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். உங்களுக்கே பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம், மாமாவுக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. அந்த அதிசயம் பதினேழாம் குடுவையோடு சரி.

பேராசிரியை என்னைத் திட்டுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை. தூசி வருகிறது என்று ஜன்னலுக்கு இரண்டடுக்கு பிளாஸ்டிக் ஒட்டச் சொன்னார். கதவைத் திறந்தால் மணி அடிக்கிற மாதிரி செய்துவிட்டார். தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை. வெளியே மழையா வெயிலா என்று தெரியாமல் எட்டு மணி நேரம் அதற்குள் கிடக்கிறேன். நேற்று என் தோளில் கைவைத்து, "அன்னிக்கு வந்தது உன் கைராசிதான். இந்தத் தடவையும் நீயே மூடும்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

பதினேழாம் குடுவை முடிந்த அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். குடுவை நீரைச் சின்னக் குப்பியில் எடுத்து மூடுவதுதான் பாக்கி. மூடி இறங்கவில்லை. சுட்டுவிரலால் உள்ளே அழுத்தினேன். கையுறையைக் கழற்றும்போதுதான் விரல்நுனி கிழிந்திருப்பதைப் பார்த்தேன். பதிவேட்டில் எழுதாமல் ஓடிவிட்டேன். அது என் தப்பு, யார் மேலும் போடமாட்டேன். ஆனால் அன்று சாயங்காலமே உங்களிடம் சொன்னேன். "ஒரு விரல்ல என்ன ஆயிடப்போகுது, விடு" என்றீர்கள். அடுத்த வாரம் இடது மிகுந்த வரைபடம் வந்து நீங்கள் துள்ளிக் குதித்தபோது மறுபடியும் சொன்னேன். "சும்மா குழப்பாதே" என்றீர்கள்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், காய்ச்சி வடித்த நீரில் வெறும் விரலைத் தோய்த்து, அந்த நீரை அமினோ அமிலம் அளக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்தேன். வந்த தாளின்மேல் பதினேழாம் குடுவையின் தாளை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நீங்கள் வட்டம் போட்ட இடமெல்லாம், செரின் என்கிற அமினோ அமிலத்தின் அந்த உயரமான முகடு உட்பட, கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. நானூறு கோடி வருஷத்துக்கு முந்தைய தொடக்கம் என்று நீங்கள் மேடை மேடையாகக் காட்டுவது என் விரல் வியர்வை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுதேன்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, பதினேழாம் குடுவையின் முடிவு மெய்தானா என்று வெளியிலிருந்து மூன்று பேர் நேரில் பார்க்க வருகிறார்கள். அவர்கள் எதிரில் நான் குப்பியை மூட வேண்டும். இடது மிகுந்து வராவிட்டால் ஆய்வகத்தையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு. நாங்கள் இருக்கிற வீடு ஆய்வகத்தின் வீடு. என் வேலை போகும், உங்கள் பதவி போகும், மாமா முடிவெட்டும் கடையை மாற்ற வேண்டியிருக்கும். வரவைப்பதோ எனக்கு இரண்டு வினாடி வேலை. கையுறையின் நுனியை நகத்தால் கிள்ளினால் போதும், எல்லோரும் கைதட்டுவார்கள். நீங்களும் போனில், தைரியமாயிரு, உன்னால் முடியும் என்கிறீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறேன்.

நான் போய்ப் பேராசிரியையிடம் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். நீங்களே சொன்னால் அது தவறைத் திருத்திக்கொண்டது, அவ்வளவுதான். கிழிந்த கையுறை என்னுடையது என்றே சொல்லுங்கள். நான் உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் ஆமாம் என்பேன். பதிவுத் தபால் பத்து நாளில் வந்து சேருமாம். அதன் பிறகு உங்களுக்கு ஒன்பது நாள் இருக்கும்.

வருகிற மூன்று பேரைப் பற்றி எனக்குப் பயமில்லை. அன்று காலை என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் பயம். அதற்குள் சொல்லிவிடுங்கள். குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நல்லவராகவே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி